முப்பது கோடி கோடி டாலருடன் லண்டனில் ஆறு நாள்

ஹீத்ரோவில் இறங்கியபோது என் கைப்பையில் முப்பது கோடி கோடி டாலர் இருந்தது. ஒரு சேலைக்கடை பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டு அட்டைகளுக்கு நடுவில், ரப்பர் பேண்ட் போடாமல் வைத்திருந்தேன். ரப்பர் பேண்ட் நோட்டின் ஓரத்தை வெட்டிவிடும். திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் முப்பத்தோரு வருஷம் காசாளராக இருந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் வழி சிவப்பு, பச்சை என்று இரண்டாகப் பிரிந்தது. பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு பலகை. விமானத்தில் வந்த எல்லோரும் பச்சையில் போனார்கள். நான் சிவப்பில் போனேன். அங்கே ஆளே இல்லை. சுவரில் ஒரு தொலைபேசி மட்டும் இருந்தது. எடுத்துப் பேசினேன். பத்து நிமிடம் கழித்து ஒரு இளம் அதிகாரி பேனாவும் படிவமுமாக வந்தார்.

"எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?"

"மூவாயிரம் டிரில்லியன் டாலர்."

மூன்று என்று எழுதிவிட்டு நிறுத்தினார். "எந்த நாட்டு டாலர்?"

"ஜிம்பாப்வே."

பேனாவை மூடினார். உள்ளே போய் இன்னொரு அதிகாரியை அழைத்து வந்தார். அந்த அம்மாள் ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, பூஜ்யங்களை விரல் நுனியால் எண்ணினார். பதினான்கு. பாதியில் விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினார். பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, "இதை நீங்கள் தெரிவிக்கத் தேவையில்லை" என்றார்.

"விதி என்று ஒன்று இருக்கிறதே" என்றேன்.

"விதி பணத்துக்குத்தான் அம்மா" என்றார்.

இந்த நோட்டுகள் என்னுடையவை அல்ல. என் தம்பி ரவியுடையவை. கரூரில் இருபத்தைந்து வருஷம் எலக்ட்ரிகல் கடை நடத்தினான். ஜனங்கள் மின்விசிறியைக்கூடப் போனில் வாங்க ஆரம்பித்ததும் கடையை மூடினான். வீட்டில் உட்கார்ந்தவனை யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஜிம்பாப்வே அரசு ஒருநாள் தன் பழைய நோட்டுகளுக்கு மதிப்பைத் திருப்பிக் கொடுக்கும், அதற்கு முன்பே அவற்றை மாற்றித்தர லண்டனில் ஒரு ரகசிய சாளரம் திறந்துவிட்டது, வைத்திருப்பவர்கள் எல்லாம் கோடீஸ்வரர்கள் என்பது அந்தக் குழுவின் கொள்கை. நோட்டு ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து முப்பது நோட்டு வாங்கினான். அவன் மனைவி கலாவின் நகைகளை அடகு வைத்துத்தான் வாங்கினான். இது எனக்குத் தெரிந்தது ஏலத் தாக்கீது வீட்டுக்கு வந்த பிறகு.

லண்டனுக்கு அவனே வரப் பார்த்தான். விசா கிடைக்கவில்லை. நான் எப்படியும் பழைய பக்கத்து வீட்டுப் பெண் ஜெசிந்தாவைப் பார்க்க லண்டன் போவதாக இருந்தது. "நீ கொண்டுபோகலைன்னா கூரியர்ல அனுப்பிடறேன். அங்க ஒரு சார் வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கார்" என்றான். அந்த சாருக்குப் போவதைவிட என் கைப்பையில் இருப்பது மேல் என்று வாங்கிக்கொண்டேன்.

முதலில் என் விரல்கள் தங்கள் வேலையைச் செய்தன. நோட்டு நல்ல நோட்டு. தாளில் சத்தம் இருந்தது, அச்சில் மேடு இருந்தது, வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள், பின்பக்கம் ஓர் அருவியும் ஓர் எருமையும். நடுவில் ஒன்றும் பதினான்கு பூஜ்யமும். நம் கணக்கில் ஒரு கோடியைக் கோடியால் பெருக்கினால் வருவது. 2008 வாக்கில் அந்த நாட்டில் விலைகள் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருந்தபோது, அரசாங்கம் பூஜ்யத்தைச் சேர்த்துச் சேர்த்து அச்சடித்து, கடைசியில் அடித்தது இது. அதன்பிறகு கொஞ்ச நாளில் அந்த நாடே தன் பணத்தைக் கைவிட்டு வெளிநாட்டுப் பணத்தில் அரிசி வாங்க ஆரம்பித்தது. ஆக, நோட்டு நிஜம். செல்லுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை ரவியிடம் நான் பலமுறை கேட்டுவிட்டேன்.

ஜெசிந்தா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். மன்னார்க்காரி. தொண்ணூறுகளில் அவள் குடும்பம் அகதியாகத் திருச்சிக்கு வந்தபோது எங்கள் அடுத்த வீடு. இப்போது அப்டன் பார்க்கில் இருக்கிறாள், முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. பஸ்ஸில் ஏறியதும் நான் டிக்கெட்டுக்குப் பணத்தை நீட்டினேன். ஓட்டுநர் அதைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, இஞ்ச பஸ்ஸில காசு எடுக்கமாட்டினம். கார்ட் மட்டும்தான்" என்று ஜெசிந்தா தன் அட்டையையும் எனக்காகக் கொண்டுவந்த இன்னொன்றையும் தட்டினாள்.

நான் நீட்டியது என் முன்னாள் மேலாளர், தன் பழைய லண்டன் பயணத்தில் மிஞ்சியதென்று அன்பளிப்பாகக் கொடுத்த இருபது பவுண்டு. இறங்கி ஒரு தேநீர்க் கடைக்குப் போனோம். அங்கே அந்தப் பெண் நோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது காகித நோட்டு, இப்போது பிளாஸ்டிக் மட்டும்தான் செல்லும், மத்திய வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்றாள். ஊரில் மாற்றிக் கொண்டுவந்த புத்தம்புதிய பிளாஸ்டிக் நோட்டோடு அடுத்த கடைக்குப் போனேன். அங்கே ரொக்கமே வாங்குவதில்லை என்று கதவில் ஒட்டியிருந்தது. உலகத்திலேயே அதிகப் பூஜ்யம் போட்ட நோட்டு முப்பது, மகாராணியின் காகிதம் ஒன்று, நல்ல நோட்டு ஐந்து, எல்லாம் கைப்பையில் இருக்க, ஜெசிந்தா வாங்கிக்கொடுத்த தேநீரைக் குடித்தேன். தேநீர் சுமார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ரகசிய சாளரத்துக்குப் போகும் நாள். ரவி கொடுத்த விலாசம் ஸ்ட்ரெதம் பிரதான சாலையில் இருந்தது. நாங்கள் இருந்த கிழக்கிலிருந்து அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஜெசிந்தா ஷிப்டை மாற்றிக்கொண்டு கூட வந்தாள். ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே இருபது நிமிடம் நின்றது. அதற்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் பாதிப்பேர் தண்டவாளத்தில் இறங்கி, மீதிப்பேர் அவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிறகு மாறிய பஸ், சாலையில் வேலை நடப்பதாகச் சொல்லி எல்லோரையும் ஒரு கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இறக்கிவிட்டது. அந்த பஸ்ஸில் எங்கள் முன் இருக்கையில் இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிகள் பேசிக்கொண்டு வந்ததை ஜெசிந்தா எனக்குச் சொன்னாள். கடையில் வெண்ணெய்க்கு அலாரம் மாட்டியிருக்கிறார்களாம். "துணிக்கு மாட்டுவாங்களே, அதுவா?" என்று கேட்டேன். "ஓம் அக்கா, அதுதான். விலை கூடிப்போச்சு. களவெடுக்கினம்."

விலாசத்தில் வங்கி இல்லை. போன் ரிப்பேர், பார்சல் அனுப்புதல், தபால் பெட்டி வாடகை என்று மூன்று தொழில் நடக்கும் ஒரு சின்னக் கடை இருந்தது. உள்சுவர் முழுக்க எண் போட்ட இரும்புப் பெட்டிகள். எங்கள் விலாசத்தில் இருந்த 41, அதில் ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகம் நுழையும் அகலம்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். ஜெசிந்தா கேட்பதற்கு முன்பே என் கையில் இருந்த உறையைப் பார்த்துவிட்டார்.

"நாப்பத்தொண்டோ?"

"ஓம் அண்ணை" என்றாள் ஜெசிந்தா.

"அதுக்கு வாடகை கட்டி ஆறு மாசம். ஆள் ஆரெண்டு எனக்கும் தெரியாது. போலீசுக்கும் சொல்லிப்போட்டன். போன மாசம் மலேசியாவில இருந்து ரெண்டு பேர் வந்தவை. அதில ஒருத்தர் இந்தக் கதிரையில இருந்து அழுதவர்." கடையில் இருந்த ஒரே நாற்காலியைக் காட்டினார். "இருங்கோ அம்மா. தேத்தண்ணி போடுறன்."

நான் அழவில்லை என்பதில் அவருக்கு ஆறுதல் இருந்ததாகத் தெரிந்தது. பக்கத்துக் கடையிலிருந்து மீன் ரோல்ஸும் வாங்கிவந்தார். காசு தர முயன்றேன். "வேண்டாம்" என்றார். லண்டனில் இரண்டு நாளில் என் பணத்தை வேண்டாம் என்று சொன்ன நான்காவது ஆள். ஆனால் தேநீர் நன்றாக இருந்தது.

வாசலில் நின்றே ரவியைக் கூப்பிட்டேன். பெட்டியை வீடியோவில் காட்டினேன்.

"அக்கா, அது ரகசிய வேலை. போர்டு மாட்டி வெச்சுக்கிட்டா உக்காந்திருப்பாங்க?" என்றான்.

ஒரு முகத்தில் நோட்டு தாளாக மாறுவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய ஐந்நூறு செல்லாது என்று அறிவித்து, மாற்றும் காலமும் முடிந்து நாலைந்து மாதம் ஆனபிறகு, ஒரு பூக்கார அம்மாள் என் கவுண்டருக்கு வந்து பதினோரு ஐந்நூறை வைத்தாள். மகளின் பிரசவச் செலவுக்கு என்று ஒளித்து வைத்து மறந்தது. நான் இனி முடியாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. அந்த நோட்டுகளைத் திரும்பவும் அதே கவனத்தோடு மடித்து இடுப்பில் செருகினாள். அந்தக் கவனம்தான் எனக்குத் தாங்கவில்லை. ரவியின் குரலிலும் அன்றைக்கு அதே கவனம் இருந்தது.

சனிக்கிழமை ஜெசிந்தாவுக்கு வேலை. நான் தனியாக சாரிங் கிராஸ் பக்கம் போனேன். ஒரு கார் நிறுத்துமிடத்தின் கீழ்த்தளத்தில் வாரம் ஒருமுறை நாணயமும் தபால்தலையும் பழைய நோட்டும் விற்கிறார்கள் என்று ஜெசிந்தாவின் கணவர் தேடிச் சொல்லியிருந்தார். குளிர். மடக்கு மேஜைகள். ஆளுக்கொரு ஃபிளாஸ்க். விற்பவர், வாங்குபவர் எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு வந்தது போல நிம்மதியாக இருந்தது.

நோட்டு வியாபாரி ஒருவரின் மேஜையில் நின்றேன். செத்துப்போன பணங்களையெல்லாம் அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு நாடுவாரியாக அடுக்கியிருந்தார். ஜெர்மனியின் ஆயிரம் மார்க் நோட்டு ஒன்று, அதன்மேல் சிவப்பு மையில் குறுக்காக நூறு கோடி என்று அச்சடித்திருந்தது. புது நோட்டு அடிக்க நேரமில்லாமல் பழைய நோட்டிலேயே முத்திரை குத்தியிருக்கிறார்கள். இன்னொன்றின் பின்பக்கம் வெறும் வெள்ளை. "பின்பக்கம் அச்சடித்து முடிப்பதற்குள் மதிப்பு போய்விடும்" என்றார். ஹங்கேரியின் ஒரு நோட்டைக் காட்டி, இதில் பூஜ்யம் போட்டால் தாள் போதாது என்று எழுத்திலேயே எழுதிவிட்டார்கள் என்றார். இவற்றை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "ஓய்வு பெறும் நண்பருக்குப் பரிசளிக்க வாங்குவார்கள். கணக்கு வாத்தியார்கள் வாங்குவார்கள். பூஜ்யம் அதிகமாக இருந்தால் கிராக்கி அதிகம்."

என் உறையைக் கொடுத்தேன். அவர் நோட்டை எடுத்த விதத்திலேயே ஆள் தொழில்காரர் என்று தெரிந்தது. நடுவில் தொடவில்லை, ஓரத்தில் பிடித்தார். அவரும் ரப்பர் பேண்ட் இல்லாத என் கட்டைப் பார்த்தார்.

"வங்கியில் இருந்தீர்களா?"

"முப்பத்தோரு வருஷம்."

முப்பதையும் ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் பார்த்தார். எல்லாம் அசல். இரண்டில் மட்டும் மடிப்பு. அந்த இரண்டுக்கும் நாற்பது பவுண்டு வீதம், மற்றவற்றுக்கு எழுபது வீதம் தருவதாகச் சொன்னார். அவர் மேஜையிலேயே அதே நோட்டு நூற்றிப்பத்து என்று சீட்டு ஒட்டி இருந்தது. செல்லாத பணத்துக்கு எழுபது பவுண்டு தருகிறார்கள், செல்லுகிற என் பிளாஸ்டிக் நோட்டுக்குத் தேநீர் தரவில்லை என்பதை அவரிடம் சொன்னேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை.

ஊரில் அப்போது சாயங்காலம். ரவியைக் கூப்பிட்டேன்.

"கோடி கோடி டாலரை எழுபது பவுண்டுக்குக் குடுக்கறதா? அக்கா, நீ நெஜமாவே பேங்க்லதான் வேலை பார்த்தியா?"

"இதுதான்டா இதோட விலை. வேற விலை கிடையாது."

"அவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. அதான் வாங்கப் பார்க்கறான். நீ பேசாம எடுத்துக்கிட்டு வா."

அடுக்கி உறையில் வைத்துக்கொண்டேன். வியாபாரி, பக்கத்துச் சந்தில் கடை இருக்கிறது, திங்கள் முதல் திறந்திருக்கும் என்று ஒரு சீட்டு கொடுத்தார். முக்கோணமாக வெட்டிய குளிர்ந்த ரொட்டி ஒன்றை நின்றுகொண்டே தின்றுவிட்டு வீடு திரும்பினேன். திரும்பும்போது எதிர்த்திசை ரயிலில் ஏறி நான்கு நிலையம் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஜெசிந்தா வீட்டில் விருந்து. கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், மன்னார்க் கருவாட்டுக் குழம்பு. வேலை செய்யும் இல்லத்திலிருந்து ஒரு தோழியையும் அழைத்திருந்தாள். பெயர் ரூடோ. ஐம்பது வயதிருக்கும், உரத்த சிரிப்பு, ஊர் ஜிம்பாப்வே. என் கைப்பையில் இருப்பதைச் சொல்லாமல் ஜெசிந்தா அவளை அழைத்திருந்தாள் என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும்.

ரூடோ ஒரு பாத்திரத்தில் சட்ஸா கொண்டுவந்தாள். வெள்ளைச் சோள மாவில் கிண்டிய களி. நாம் கேழ்வரகில் கிண்டுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். கையால் பிட்டு, கருவாட்டுக் குழம்பில் தொட்டு, இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டு முடிந்ததும் நான் உறையை மேஜையில் வைத்து, வியாபாரி சொன்ன விலையையும் சொன்னேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஒரு நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

"இவ்வளவு சுத்தமான நோட்டை நான் பார்த்ததே இல்லை. எங்கள் கைக்கு வரும்போது இவை அழுக்காகத்தான் வரும்" என்றாள்.

ரவியை வீடியோவில் பிடித்துக் கொடுத்தேன். ரூடோ ஆங்கிலத்தில் பேசினாள், ஜெசிந்தா தமிழில் சொன்னாள். தான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தது, சம்பளம் வங்கிக்கு வந்ததும் விடிகாலையில் போய் வரிசையில் நின்றது, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற அந்த அளவு, திரும்ப வீட்டுக்கு பஸ் ஏறக்கூடப் போதாமல் நடந்தே வந்தது. பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ரயில்வேயில் குமாஸ்தா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வூதியத்துக்குப் பிடித்தம் கட்டியவர். அரசாங்கம் பணத்தின் பூஜ்யங்களை அவ்வப்போது வெட்டி வெட்டிக் கடைசியில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் கணக்கில் இருப்பு ஒன்றுமில்லை என்று. அந்தக் கடிதத்தின் தபால்தலை அவருடைய ஓய்வூதியத்தைவிட விலை அதிகம்.

"ஆனா அவர் ஒவ்வொரு மாசமும் அந்தத் தேதிக்கு கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போவாராம்" என்றாள் ஜெசிந்தா. "பேங்கில வேலை செய்யிறவை அவருக்கெண்டு ஒரு கதிரை போட்டு வைச்சிருந்தவையாம். சாகுமட்டும் போனவராம். பைத்தியம் இல்லையாம். 'புத்தகத்தில எழுதியிருக்குத்தானே' எண்டு சொல்லுவாராம்."

திரையில் ரவி அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை.

"அந்தம்மாகிட்ட ஒண்ணு கேளு" என்றான். "இப்ப அவங்ககிட்ட எத்தனை நோட்டு இருக்கு?"

ரூடோ சொன்னாள்: "ஒன்றும் இல்லை. கடைசி நோட்டைக் கொடுத்துப் பாதிக் கட்டி துணிச் சோப்பு வாங்கினேன்."

"அடடா. வெச்சிருந்திருக்கணும்" என்றான் ரவி.

ஜெசிந்தா அதை மொழிபெயர்க்கலாமா என்று என்னைப் பார்த்தாள். நான் சொல் என்றேன். ரூடோ கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"உண்மைதான். வைத்திருந்தால் இன்றைக்கு எழுபது பவுண்டு" என்றாள். "ஆனால் அன்றைக்குத் துணி அழுக்காக இருந்தது."

ஒரு மணி நேரம் கழித்து ஊரிலிருந்து அழைப்பு வந்தது. ரவி இல்லை, கலா. மொட்டை மாடியில் நின்று பேசுகிறாள் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

"அண்ணி, ஏலம் வியாழக்கிழமை. இவரு இன்னும் பத்து நோட்டுக்கு முன்பணம் கட்டறேன்னு சொல்லியிருக்காரு. வீட்டுப் பத்திரத்தை எடுத்து வெளியே வெச்சிருக்காரு. நீங்க வித்துருங்க."

"அவன் வேண்டாம்னு சொல்லிட்டான் கலா. அவன் வாங்கின நோட்டு."

"நகை என்னுது."

"நோட்டு அவன்து."

"நோட்டுல யார் பேர் போட்டிருக்கு, அண்ணி?"

முப்பத்தோரு வருஷம் நோட்டோடு இருந்திருக்கிறேன், இதை எனக்கு ஒருத்தர் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. நகைக்கு உரிமையாளர் உண்டு, நிலத்துக்கு உண்டு, கணக்குக்கு உண்டு. நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவருடையது. அப்போது என் கையில் இருந்தது.

அன்று சாயங்காலம் எனக்கு நிலைகொள்ளவில்லை. ரவி எனக்கு ஏழு வயது இளையவன். அவனை நான் ஏமாற்றியதில்லை, அவனும் என்னை ஏமாற்றியதில்லை. கவுண்டரில் ஒரு கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூடப் பணம் கொடுக்காமல் திருப்பி அனுப்பியவள் நான். அதற்காக வாங்கிய வசவுகள் நிறைய. கடைசியில் கலாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: என் நகையை வைத்து வாங்கிய நோட்டுகளை விற்கச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பத்து நிமிடத்தில் படம் வந்தது. மின்சார ரசீதின் பின்பக்கம் எழுதியிருந்தாள். கீழே முழுப்பெயர், தேதி, நகை ஒவ்வொன்றின் விவரம். தாலிக்கொடி மட்டும் பட்டியலில் இல்லை. அது அவள் கழுத்தில் இருக்கிறது என்று தெரிந்து தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்தச் சந்தில் நின்றேன். வியாபாரி கடை திறக்கப் பத்தரை ஆயிற்று. என்னைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் விளக்கைப் போட்டார். முப்பதையும் மறுபடி சரிபார்த்தார். அதே விலை. இரண்டாயிரத்து நாற்பது பவுண்டை ரொக்கமாக எண்ணி வைத்தார். நான் இரண்டு முறை எண்ணினேன். அவர் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. ரசீது கேட்டேன். எழுதிக் கொடுத்தார். "நூறு டிரில்லியன் டாலர் நோட்டு, முப்பது" என்று அதில் இருந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சந்தில் போன ஒருவர், உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பணம் இருக்கிறது என்றேன். அவர் நிற்காமல் போனார்.

பிற்பகல் அப்டன் பார்க்கில், கிரீன் ஸ்ட்ரீட்டில் பணம் அனுப்பும் கடைக்கு ஜெசிந்தா கூட்டிப்போனாள். இரண்டு பக்கமும் சேலைக்கடை, முருங்கைக்காய், வாழைப்பூ, போன் உறை. கடைப் பெண் என் நோட்டுகளை எந்திரத்தில் ஓட்டினாள். பத்து விநாடி. ரூபாயில் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் வந்தது. கலாவின் பெயருக்கு அனுப்பினேன். வட்டி முழுதும் கட்டி, அசலில் ஒரு பகுதியும் கட்டினால் அடகைப் புதுப்பிப்பார்கள், ஏலம் போகாது. மீதி அசலுக்கு என் ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் போடுவதாகச் சொன்னேன். கலா, "தாங்க்ஸ் அண்ணி" என்றாள். அவள் என்னிடம் ஆங்கிலத்தில் பேசியது அதுதான் முதல்முறை.

ரவியிடம் நானே சொன்னேன். அன்றைக்கே, அந்தக் கடை வாசலில் நின்று.

"வித்துட்டேன்டா. முப்பதும்."

அவன் வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பைத் துண்டித்தான். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா என்னை வெஸ்ட் ஈலிங் துர்க்கை அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அவள் கிறிஸ்தவள், வாசலில் செருப்புக்குக் காவல் நின்றாள். நான் உள்ளே போய்க் கும்பிட்டேன். சாதம், சாம்பார், ஒரு கூட்டு கிடைத்தது. போனை நடுநடுவே பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். புதன்கிழமை கிளம்பினேன். விமான நிலையத்தில் என் பையில் தெரிவிக்கும்படி ஒன்றும் இல்லை.

பதினாறு நாள் ரவி என்னுடன் பேசவில்லை. நகை ஏலம் போகவில்லை என்று கலா சொன்னாள். வாட்ஸ்அப் குழுவில் அவன் அந்தக் கடையின் படத்தை, 41ஆம் பெட்டியைப் போட்டானாம். உடனே அவனை நீக்கிவிட்டார்களாம். அதற்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

பதினேழாம் நாள், ஒரு ஞாயிறு காலை, திருச்சியில் என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். காபி போட்டுக் கொடுத்தேன். ஊர் வெயில் பற்றிப் பேசினான். லண்டனில் குளிரா என்று கேட்டான். ஆமாம் என்றேன். காபியில் பாதி குடித்து நிறுத்தினான்.

"எழுபதா குடுத்தான்?"

"ஆமா. மடிப்பு இருந்த ரெண்டுக்கும் நாப்பது."

"அவன் எவ்வளவுக்கு விப்பான்?"

"நூத்திப்பத்துன்னு எழுதி வெச்சிருந்தான்."

மனதுக்குள் கணக்குப் போட்டான். உதடு அசைந்தது. கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் இப்படித்தான் அவன் உதடு அசையும். அதைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

"முப்பது நோட்டு, மொத்தமாக் குடுக்கறே" என்றான். "மொத்த வியாபாரம்னா சேர்த்துத்தான் கேக்கணும். எண்பது கேட்டிருந்தா எழுபத்தஞ்சுக்காவது வந்திருப்பான்."

"நான் கேக்கவே இல்லடா."

"அதான் தெரியுதே. பேங்க்காரங்ககிட்ட வியாபாரத்துக்குக் குடுத்தா இப்படித்தான்."

கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னான். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். எழுபத்தைந்து வாங்கியிருந்தால் எவ்வளவு கூட வந்திருக்கும் என்று ரூபாயில் சொன்னான். கலாவின் மோதிரத்தை மீட்டிருக்கலாம் என்றான். பிறகு மீதிக் காபியைக் குடித்தான்.

"ஆமாடா, கேட்டிருக்கணும்" என்றேன்.